பச்சை டிக்கை நம்பிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர் கடிதம் என்றால் எங்கள் பக்கத்திலிருந்து வாய்க்கால் தூர்வாருவது, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்குவது, கடைசி பஸ் வராதது என்றுதான் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். இந்த முறை விஷயம் வேறு. நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலை ஆபீஸில் கணக்கு பார்ப்பவன் நான். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொன்னதிலிருந்து அந்த வேலையும் என் தலையில்தான்.

போன தை மாதம் கேரள வியாபாரி ஒருவர் இரண்டு லோடு புழுங்கல் அரிசிக்குப் பணத்தைக் குறைத்து அனுப்பினார். கேட்டதற்கு, ஈரப்பதம் கூடுதலாக இருந்தது, குறைத்துக்கொள்ளச் சொல்லி உங்கள் ஆபீஸிலிருந்தே ஐப்பசியில் மெயில் வந்ததே என்கிறார். எங்கள் முதலாளி, அப்படி ஒரு மெயில் போகவே இல்லை என்கிறார். சரி, ஆர்க்கைவைத் திறந்து பார்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று உட்கார்ந்தேன். ஆர்க்கைவ் என்பது எங்கள் 7 மெயில் கணக்குகளையும் தினமும் ராத்திரி 2 மணிக்கு சர்வரிலிருந்து இழுத்துத் தனி ஹார்டு டிஸ்க்கில் அடுக்கி வைக்கிற சாப்ட்வேர். காசு கொடுத்து வாங்கியதுதான். திரையில் எப்போது பார்த்தாலும் பச்சை டிக், பக்கத்தில் 'சிங்க் முடிந்தது', அதாவது சர்வரில் இருப்பதெல்லாம் இங்கே வந்தாயிற்று என்று. அந்த டிக்கைப் பார்த்துப் பார்த்தே நிம்மதியாக இருந்தோம். அதில் லோடு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவின் மெயில் கணக்கைத் திறந்தால் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை ஒரு மெயில்கூட இல்லை. குறுவை நெல் வந்து அரைவை ராப்பகலாக ஓடுகிற காலம், அதில் நான்கு மாதம் காலி!

விற்றவர்களுக்குப் போன் போட்டேன். "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நல்லவேளை, நான் செய்யவில்லை. எந்த மெயில் வரை இழுத்தாயிற்று என்ற குறிப்பை அந்த சாப்ட்வேர் ஒரு சின்ன டேட்டாபேஸில் வைத்திருக்கிறது, கூடவே ஒவ்வொரு ராத்திரியும் என்ன நடந்தது என்று லாக் எழுதுகிறது. இரண்டையும் துடைத்துவிட்டால் பழைய மெயில் எல்லாம் மறுபடி வந்து இரண்டிரண்டாக நிற்கும், எங்கே பழுது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். இதே ஆலோசனையைக் கேட்டு அப்படியே செய்து முடித்தவர்கள் எத்தனை பேரோ.

லாக்கைத் திறந்து படித்தேன். தினமும் ஒரே வரிதான்: இணைந்தது, புதிய மெயில் 0, முடிந்தது. சாப்ட்வேர் பொய் சொல்லவில்லை. அது போய்ப் பார்த்த நேரத்தில் சர்வரில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஏன் இல்லை? டெஸ்பாட்ச் தம்பியைக் கேட்டால், "அண்ணே, எனக்கு மெயில் எல்லாம் ஒழுங்கா வருதே" என்கிறான். அங்கேதான் பிடி கிடைத்தது. ஆவணிக் கடைசியில் அவன் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்த மெக்கானிக், மெயிலை ஐமேப் முறையில் போடாமல் பாப் முறையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், நாம் பார்ப்பது அதன் நகல். பாப்பில் மெயில் நம் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். 'சர்வரில் ஒரு பிரதி வை' என்ற கட்டத்தில் டிக் இல்லாவிட்டால் இறங்கிய கையோடு சர்வரிலிருந்து அழிந்தும் போகும். வாசலிலேயே மூட்டையை இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் குடோன்காரர் எதை எண்ணுவார்? அதைவிட மோசம், பாப் முறையில் நாம் அனுப்புகிற மெயில் சர்வருக்குத் திரும்பப் போகாது, அனுப்பிய கம்ப்யூட்டரிலேயே கிடக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரில் தேடினேன். மெயில் இருந்தது. ஈரப்பதத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள்தான் அனுப்பியிருக்கிறோம். முதலாளி அன்று மதியம் சாப்பிடக்கூட வரவில்லை, அது வேறு கதை.

அதற்குப் பிறகு மற்ற 6 கணக்குகளையும் விடவில்லை. 'நெல் கொள்முதல்' என்று தமிழில் பெயர் வைத்திருந்த போல்டர் ஒன்று ஆர்க்கைவில் வரவே இல்லை. ஐமேப்பின் பழைய விதிப்படி ஆங்கிலம் அல்லாத போல்டர் பெயர்கள் ஒரு தனிக் குறியீடாக மாறித்தான் சர்வரில் இருக்கும். எங்கள் சாப்ட்வேருக்கு அதைப் பிரிக்கத் தெரியாமல், சத்தம் போடாமல் தாண்டிப் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர் மாற்றியதும் அன்று ராத்திரியே இழுத்துவிட்டது. தமிழில் பெயர் வைத்ததற்கு இந்தத் தண்டனை.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிற்கும், ஆர்க்கைவ் ஓடுகிற பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் வந்ததும் அதன் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். மெயில் சர்வர் காட்டுகிற பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு, கம்ப்யூட்டரின் தேதி அதற்கும் முந்தையது என்றால் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி இணைப்பு அறுந்துவிடும். யாராவது தேதியைச் சரிசெய்தால் விட்டதைப் பிடித்துக்கொள்ளும்தான், ஆனால் இடைப்பட்ட நாளில் ஒருவர் அழித்த மெயில் போனது போனதுதான். நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் கடிகாரங்களை மத்திய அரசின் கம்ப்யூட்டர் மையமான என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துவைக்க வேண்டும் என்று மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டபோது, இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு சின்ன பேட்டரிதான் பாடம் எடுத்தது.

முதலாளியின் ஜிமெயில் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டதும் பழைய பாஸ்வேர்டு செல்லாமல் போயிருந்தது. ஆர்க்கைவ் சாப்ட்வேருக்கென்று தனி பாஸ்வேர்டு (ஆப் பாஸ்வேர்டு என்பார்கள்) எடுத்துக் கொடுத்தேன். ஐமேப் வழியே ஒரு நாளைக்கு 2,500 எம்பிதான் இறக்கலாம் என்று ஜிமெயிலில் வரம்பு இருப்பதால், பல வருட மெயில் வந்து சேர நாள் கணக்கில் ஆனது. பாதியில் நிற்கிறதே என்று பதறி மறுபடி மறுபடி முதலிலிருந்து ஓட்டக் கூடாது, மறுநாள் வரை காத்திருந்தால் தானே தொடரும்.

இப்போது சனிக்கிழமை தோறும் கணக்கு வாரியாக சர்வரில் எத்தனை மெயில், ஆர்க்கைவில் எத்தனை மெயில் என்று நோட்டில் எழுதுகிறேன். எடைமேடைச் சீட்டையும் குடோன் இருப்பையும் ஒத்துப் பார்ப்பது போலத்தான். ஏதாவது ஒரு பழைய மெயிலைத் தேடி எடுத்து, அதில் இருக்கிற பில் திறக்கிறதா என்றும் பார்ப்பேன். அரை மணி நேர வேலை. மேட்டூர் திறந்த செய்தியைப் பேப்பரில் படித்த கையோடு யாரும் நாற்று விடுவதில்லை, மதகில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் விடுவோம். பச்சை டிக்கை மட்டும் ஏன் அப்படி நம்பினோம் என்று எனக்கே புரியவில்லை.

இது மெயிலோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், எங்கள் பில் பாதி மெயிலில்தான் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும், அதாவது ஆவணத்தின் கைரேகை மாதிரியான ஓர் எண்ணும், குறிக்க வேண்டும். காணாமல் போன மெயிலுக்கு எந்த ஹாஷ் எழுதுவது?

உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் புது செல்போன் விலையோடு இந்த மாதிரி விஷயங்களையும் போடுங்கள். இந்த சாப்ட்வேர்களை விற்கிறவர்களுக்கும் ஒன்று: அந்தப் பச்சை டிக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கணக்கிலும் கடைசி மெயில் எந்தத் தேதியில் வந்தது என்று தமிழில் ஒரு வரி காட்டினால் போதும். டெஸ்பாட்ச் தம்பியே ஐப்பசியில் பார்த்துச் சொல்லியிருப்பான்.

இப்படிக்கு,
அரிசி ஆலைக் கணக்கர்,
நீடாமங்கலம்.