யாழினிக்கு: உன் கூரைக்கு மேலே 27 ரைட்

ஆலந்தூர்

அன்புள்ள யாழினிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோ வெஸ்ட்டில் வீடு பார்க்கப் போன அன்று சத்தமே இல்லை, குடிவந்த பிறகு விடிகாலை ஐந்துக்கு முன்னாலேயே தலைக்கு மேல் விமானம் உறுமிக்கொண்டு போகிறது, ஏஜென்ட் நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று பொரிந்து தள்ளினாய். அம்மா போனைப் பிடுங்கி, "வேற வீடு பாரு கண்ணு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். நான் விளக்க ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் தப்பிக்க முடியாதல்லவா, அதனால்தான் கடிதம்.

முதலில் ஏஜென்ட் விஷயம். அவர் யோக்கியரா இல்லையா எனக்குத் தெரியாது. ஆனால் அன்று உன் வீட்டுக்கு மேல் விமானம் வராததற்குக் காரணம் காற்று. வீடு பார்த்த தேதியைக் கேட்டு வாங்கினேனே, எதற்கு என்று நினைத்தாய்? அன்றைய ஹீத்ரோ வானிலைப் பதிவைத் தேடிப் பார்த்தேன். நாள் முழுக்கக் கிழக்குக் காற்று.

விமானம் இறங்குவதும் ஏறுவதும் எதிர்காற்றில்தான். எதிரே காற்று வீசினால் தரையில் தொடும் வேகம் குறையும், சீக்கிரம் நிற்கும். நம்ம மீனம்பாக்கத்திலேயே பார்த்திருப்பாய். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கடல் பக்கமிருந்து வந்து, கிண்டி, ஆலந்தூர் தாண்டி இறங்குவார்கள். வாடைக்காற்று வந்துவிட்டால் அப்படியே திரும்பிவிடும், பம்மல் பக்கமிருந்து வருவார்கள், நம்ம தெருவுக்குத் தரையிறங்கும் சத்தம் இருக்காது. உன்னைப் பரங்கிமலைப் படியேற்றி ஓடுதளத்தைக் காட்டிய நாட்களில் நீ கடலைப் பொட்டலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். பரவாயில்லை, இப்போது படி.

லண்டனில் பெரும்பாலும் மேற்குக் காற்று. வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் அப்படித்தான். அப்போது விமானங்கள் லண்டன் நகரத்துக்கு மேலாகவே வந்து மேற்கு நோக்கி இறங்கும். ஹீத்ரோவின் இரண்டு ஓடுதளங்களும் கிழக்கு மேற்காக, இணையாகக் கிடக்கின்றன, நடுவே சுமார் 1.4 கிலோமீட்டர் இடைவெளி. மேற்கு நோக்கி இறங்கும்போது வடக்குத் தளம் 27 ரைட், தெற்குத் தளம் 27 லெஃப்ட். திசைகாட்டியில் மேற்கு 270 டிகிரி, கடைசிச் சைபரை விட்டுவிட்டால் 27. அதே தளத்தில் கிழக்கு நோக்கி இறங்கினால் அதன் பெயர் 09. வரைபடத்தை விரித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், உன் வீடு அச்சுப் பிசகாமல் 27 ரைட்டின் நேர்கோட்டில் இருக்கிறது.

கிழக்குக் காற்று நாளில் எல்லாம் தலைகீழ். வருகிறவை மேற்கே விண்ட்சர் பக்கமிருந்து வரும், உனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் கிளம்புகிற விமானம் கிழக்கே, உன் பக்கம் ஏற வேண்டுமே, அது ஏன் கேட்கவில்லை? இதுதான் எனக்குப் பிடித்த இடம். உன் பக்கத்து ஊர் கிரான்ஃபோர்ட் வடக்குத் தளத்தின் முனையிலேயே இருக்கிறது. அந்த மக்களுக்காக 1950களில் ஒரு வாய்மொழி உடன்பாடு செய்தார்கள், கூடியவரை வடக்குத் தளத்திலிருந்து கிழக்கே கிளம்புவதில்லை என்று. எழுத்தில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்கூட இல்லை. அதை முடித்துக்கொள்வதாக 2009-இல் அரசாங்கம் அறிவித்த பிறகும், டாக்ஸிவே (விமானம் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகும் பாதை) வேலைகள் செய்ய வேண்டியிருந்ததால் பழைய வழக்கமே தொடர்ந்தது. கிரான்ஃபோர்டுக்குக் கொடுத்த வாக்கின் நிழலில் நீயும் அன்று நின்றிருக்கிறாய். அந்த வேலைகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் விசாரித்துக்கொள். முடிந்துவிட்டால் கிழக்குக் காற்று நாளின் நிம்மதியும் போய்விடும்.

மேற்குக் காற்று நாளிலும் நாள் முழுக்கத் தொல்லை இருக்கக் கூடாது. ஒரு தளத்தில் இறங்குவார்கள், இன்னொன்றில் ஏறுவார்கள், பிற்பகல் 3 மணிக்கு மாற்றிக்கொள்வார்கள். இந்த வாரம் காலையில் உன் தலைமேல் என்றால் அடுத்த வாரம் மாலையில். காலை ஆறிலிருந்து ஏழு வரை வரத்து அதிகம், அப்போது இரண்டு தளத்திலும் இறங்குவது உண்டு. நீ சொல்லும் அந்த விடிகாலை நேரத்துக்குத் தனிச் சுழற்சி. வருடம் முழுமைக்குமான அட்டவணையை விமான நிலையமே வெளியிடுகிறது. எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டி வை. ஜன்னலை எப்போது திறக்கலாம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில் எப்போது போன் பேசலாம் எல்லாம் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

"இவ்வளவு தாழ்வா பறக்குதே, விழுந்துடாதா?" என்று அம்மா கேட்டாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். வழக்கமான இறங்குபாதையின் சரிவு 3 டிகிரி. ஓடுதள முனையை 15 மீட்டர் உயரத்தில் தாண்ட வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 52 மீட்டர் உயரம் கூடும். உன் வீடு முனையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆகவே சுமார் 180 மீட்டர். அதிர்ஷ்டத்தில் விட்ட உயரம் இல்லை அது. ஓடுதளத்தின் மறுமுனையிலிருந்தும் ஓரத்திலிருந்தும் இரண்டு ரேடியோ கற்றைகளை அனுப்புகிறார்கள், ஒன்று இடது வலது சொல்லும், இன்னொன்று மேலே கீழே சொல்லும். மூடுபனியில் தரையே தெரியாவிட்டாலும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ எப்படியும் தேடிப் படிப்பாய். 2008 ஜனவரி 17-ஆம் தேதி பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 ஒன்று, உனக்குத் தெற்கே 27 லெஃப்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சுமார் 720 அடியில் வலது எஞ்சின் தளர்ந்தது, ஏழே விநாடியில் இடதும் தளர்ந்தது. த்ராட்டிலை முன்னால் தள்ளியும் விசை ஏறவில்லை. அந்த உயரத்தில் என்ன யோசிக்க நேரம் இருக்கும்? கேப்டன் பீட்டர் பர்கில் ஃபிளாப்பை, அதாவது இறங்கும்போது இறக்கையின் பின்னால் சாய்த்துவிடும் தகட்டை, 30-லிருந்து 25-க்குக் குறைத்தார். இறக்கையின் இழுவை கொஞ்சம் குறைந்தது, அந்தக் கொஞ்சத்தில் இன்னும் சில மீட்டர் மிதக்க முடிந்தது. விமானம் ஏ30 சாலையையும் வேலியையும் தாண்டி, தளத்துக்கு 330 மீட்டர் முன்னால் புல்தரையில் போய் மோதியது. ஸ்டியரிங் அப்போது துணை விமானி ஜான் கவர்டின் கையில். உள்ளே இருந்த 152 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆயிற்று. எரிபொருளில் எப்போதும் துளி நீர் கலந்திருக்கும். நெடுந்தூரக் குளிரில் அது மெல்லிய பனியாகக் குழாய்ச் சுவரில் படிந்திருக்கிறது. இறங்கும் நேரத்தில் எஞ்சின் திடீரென்று அதிக எரிபொருள் கேட்டதும் பனி மொத்தமாகப் பெயர்ந்து வந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்துவிட்டது. அந்தக் கருவிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய குழாய்கள், அவற்றின் முனைகள் தகட்டைவிடச் சில மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தன. பனி தங்க அந்தத் துருத்தல் போதும். புதிய வடிவமைப்பில் முனைகளைத் தகட்டோடு சமமாக்கிவிட்டார்கள். உன் வீட்டுக்கு மேல் போகிற ஒவ்வொரு விமானத்திலும் இப்படி யாரோ உட்கார்ந்து சரிசெய்த ஏதோ ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அம்மா கேட்டால் நான் இதைச் சொல்லவில்லை, சரியா.

இனி ஜன்னலில் நின்று பார்க்கும்போது சும்மா பார்க்காதே. 180 மீட்டரில் எல்லாம் தெரியும். சக்கரங்களை எண்ணு. ஒவ்வொரு பெரிய காலிலும் ஆறு சக்கரம் என்றால் உடனே 777 என்று துள்ளாதே, ஏர்பஸ் ஏ350-1000-க்கும் ஆறுதான். வாலைப் பார், 777-இன் வால்முனை உளிபோலத் தட்டையாக முடியும். ஏ350-க்கு விமானிகளின் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, இறக்கை நுனி மேலே வளைந்திருக்கும். இரண்டு எஞ்சின் உள்ள பெரிய விமானத்தில் எஞ்சின் உறையின் பின்விளிம்பு பல் பல்லாக இருந்தால் போயிங் 787. அந்தப் பற்கள் அழகுக்கில்லை, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சீராகக் கலந்து சத்தம் குறைய வேண்டும் என்பதற்காக. உன் தூக்கத்துக்காக வெட்டிய பற்கள் என்றே வைத்துக்கொள்.

ஏர்பஸ் ஏ380 வந்தால் கேட்கவே வேண்டாம், நாலு எஞ்சின், வானத்தை அடைத்துக்கொண்டு போகும். போனபின் உள்ளே ஓடிவிடாதே, கொஞ்சம் நில். காற்று அமைதியாக இருந்தால் சற்று நேரம் கழித்து மேலே தனியாக ஒரு சீறல் கேட்கும். இறக்கை நுனியில் கிளம்பிய சுழல்காற்று கீழே இறங்கும் சத்தம் அது. அந்தச் சுழல் அபூர்வமாகக் கூரை ஓடுகளையே பெயர்த்துவிடும். அதற்கு ஹீத்ரோவில் ஒரு திட்டமே வைத்திருக்கிறார்கள், ஓடுகளைச் சரிசெய்து கொடுப்பார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி வை. பெரிய விமானத்துக்குப் பின்னால் சின்னது உடனே வராமல் இடைவெளி விடுவதும் இந்தச் சுழலுக்குப் பயந்துதான். முன்பு அந்த இடைவெளியைத் தூரத்தில் அளந்தார்கள், பலத்த எதிர்காற்று அடித்தால் விமானங்கள் ஊர்ந்து வந்து வரிசை தேங்கிவிடும். 2015-இல் உலகத்திலேயே முதலாக ஹீத்ரோவில் அதை நேரத்தால் அளக்க ஆரம்பித்தார்கள். இரண்டே தளத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குச் சுமார் 1,300 விமானங்களைச் சமாளிப்பது சும்மா இல்லை. நம்ம ஊரிலும் இரண்டு தளம்தான், ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, இரண்டாவது தளம் அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீண்டிருக்கிறது. இணையாக ஓடும் இரண்டு தளம் தரும் வேலையை வெட்டிக்கொள்ளும் இரண்டு தளம் தராது.

அப்புறம், ஹாமர்ஸ்மித்தில் உன் ஆபீஸ் வாசலில் ஏதோ ஊளையிடுகிற சத்தம் கேட்டது என்றாயே, எஞ்சின் கோளாறோ என்று? கோளாறில்லை. ஏ320 வகையின் இறக்கைக்கு அடியில் எரிபொருள் அழுத்தத்துக்காக வட்டத் துளைகள் உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அதே மாதிரி காற்று துளையின் மேல் ஓடி ஊளையிடுகிறது. துளைக்கு முன்னால் கையகலத் தகடு ஒன்றைப் பொருத்தினால் அடங்கிவிடும். 2014-இல் லுஃப்தான்சா பொருத்த ஆரம்பித்தது, பிறகு மற்றவர்களும். உனக்கு ஊளை கேட்டது என்றால் தகடு இல்லாத பழைய ஏ320 ஒன்று போயிருக்கிறது. என்னைக் கேட்டால் அதைக் கேட்டவள் கொடுத்து வைத்தவள்.

வீடு மாற்றுவதா வேண்டாமா என்பதை நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். தூக்கம் கெட்டால் உடம்பு கெடும், அதில் அப்பாவின் பைத்தியத்துக்கு இடமில்லை. ஒன்று மட்டும், தெற்கே போகாதே. ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே போனால் 27 லெஃப்டின் கீழே போய் நிற்பாய். வடக்கே சவுத்ஹால் பக்கம் பார், இறங்குகோட்டை விட்டு நன்றாக விலகியிருக்கிறது, கறிவேப்பிலையும் கிடைக்கும்.

மாற்றுவதற்கு முன் எனக்காக ஒரு சனிக்கிழமை ஒதுக்கு. ஹாட்டன் கிராஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் மர்ட்டில் அவென்யூ என்று ஒரு முட்டுச்சந்து, முடிவில் புல்வெளி. 27 லெஃப்டுக்கு வருகிற விமானம் வீட்டுக் கூரைகளை உரசுவதுபோல வரும், என்னைப் போன்றவர்கள் கேமராவோடு நிற்பார்கள். அட்டவணையையும் காற்றையும் பார்த்துவிட்டுப் போ, வடக்குத் தளத்தில் இறங்குகிற நேரத்தில் போனால் வெறும் புல்லைத்தான் பார்ப்பாய். விமான நிலையத்துக்குள்ளே ஒரு கான்கார்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வேலி ஓரமாக எங்கிருந்தாவது தெரிகிறதா என்று பார். முக்கோண இறக்கைக்கு மெதுவான வேகத்தில் மூக்கை மிக உயர்த்தினால்தான் தூக்கும் விசை கிடைக்கும், ஆனால் மூக்கை உயர்த்தினால் விமானிக்கு ஓடுதளம் தெரியாது. அதனால் மூக்கையே 12.5 டிகிரி மடக்கிவிட்டார்கள். ஒரு பிரச்சனைக்கு இவ்வளவு துணிச்சலான விடை அதற்குப் பிறகு எந்தப் பயணிகள் விமானத்திலும் வரவில்லை என்பது என் கட்சி.

வீடியோ எடுக்கும்போது போனைப் படுக்கைவாட்டில் பிடி. இறங்கி முடிகிறவரை பேசாதே, மாப்பிள்ளையையும் பேசவிடாதே, சத்தம்தான் எனக்கு வேண்டும். கனமான ஜாக்கெட் போட்டுக்கொண்டு போகச் சொல்லி அம்மா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா