சின்னத்திரை ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஏழு முறை கூட்டப்பட்டது. அவற்றுள் மூன்று கூட்டங்கள் போதிய உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் ஏதுமின்றிக் கலைந்தன. பொங்கல் விழாவும் குழந்தைகளுக்கான மாறுவேடப் போட்டியும் வழக்கம்போல் நடைபெற்றன.

இவ்வாண்டின் முதன்மைப் பணியாக நான் கருதுவது ‘கவனிப்பு நோட்டு’. சீரியல் பார்ப்பதற்கு நோட்டு எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நாள்தோறும் தொடர் பார்ப்பவர்கள் கண்டுபிடிக்கிற நுட்பமான சங்கதிகள், மறுநாள் காலை பால் வாங்கும் இடத்தில் பேசியதோடு காற்றில் போய்விடுகின்றன என்பதும், அவற்றை எழுதி வைக்க நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதும்தான் அன்றும் இன்றும் என் பதில்.

நோட்டின் முதல் குறிப்பை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுதினார். தூர்தர்ஷன் காலத்தில் வாரம் ஒருநாள் ஒளிபரப்பாகி, பெரும்பாலும் 13 வாரங்களில் முடிந்த தொடர்களில், ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் அடுத்த காட்சியில் அவர் கையில் காபி இருக்கும் என்றும், தினத்தொடர் வந்த பிறகு அவர் வந்திருக்கும் செய்தி வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகிவிடுகிறது என்றும் அவர் குறித்திருக்கிறார். இதைக் குறையாக அவர் சொல்லவில்லை. 2003 முதல் 2009 வரை ஓடி 1,500 அத்தியாயங்களைத் தாண்டிய ‘கோலங்கள்’ போன்ற ஒரு தொடருக்குப் பெரிய குடும்பமும், அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் தேவைப்படுகின்றன என்பது அவர் வாதம். அவரே எழுதிய இன்னொரு குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது: கூடத்தில் ஒரு சொம்பு கீழே விழுந்தால் கேமரா ஒவ்வொரு முகமாகப் போய்வரும்; கடைசியில் எந்த முகத்தில் நிற்கிறதோ, அந்த வாரம் பழி அவர் தலையில்தான் விழும்.

‘எதிர்நீச்சல்’ பற்றிய பக்கங்களை உறுப்பினர்கள் அவசியம் படிக்க வேண்டும். அந்தத் தொடரில் வீட்டுப் பெண்களை அடக்கியாளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அவர்கள் 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அவருடைய “இந்தாம்மா ஏய்” நம் தெருப் பிள்ளைகளின் வாயிலும் புகுந்திருந்த நேரம் அது. பின்னர் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி அவர்கள் வந்தபோது, “புதியவர் முகத்தை நான் பார்க்கவில்லை, வீட்டுப் பெண்கள் அவரைப் பார்க்கிற பார்வையைத்தான் பார்த்தேன். அவர்கள் பயந்தால்தான் இவர் குணசேகரன்” என்று தையற்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் எழுதியிருக்கிறார். ஒரு பாத்திரம் அதற்கு எதிரே நிற்பவர்களாலும் உருவாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

நகைச்சுவைத் தொடர்களுக்கு நோட்டில் கிடைத்த இடம் போதாது. ‘லொள்ளு சபா’வைப் பற்றி இரண்டே குறிப்புகள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பெயர் வைத்த ‘ரமணி வெர்சஸ் ரமணி’யையும், நம்மை இரவில் தூங்கவிடாத ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’வையும் இயக்கியவர் நாகா ஒருவரே என்பதைச் சுட்டி, சிரிப்புக்கும் திகிலுக்கும் சரியான நொடிக்காகக் காத்திருக்கத் தெரிய வேண்டும் என்று ஒரு கல்லூரி மாணவர் எழுதியதே அந்தப் பகுதிக்குப் பெருமை.

இனி வருத்தத்துடன் சொல்ல வேண்டியது. நம் மன்றத்தில் 46 உறுப்பினர்கள்; நோட்டில் எழுதியவர்கள் ஒன்பது பேர். வீட்டுக்கு இரண்டு வாரம் என்று முறை வைத்திருந்தும், ஒரு வீட்டில் நோட்டு நான்கு மாதம் தங்கி, ஆறு பக்கம் மளிகைக் கணக்கோடு திரும்பி வந்தது. ஆண்டுச் சந்தா 300 ரூபாயை 19 பேர் இன்னும் செலுத்தவில்லை. ரசீதுப் புத்தகத்தோடு நானே வீடு வீடாகச் சென்றேன். ஒரு வீட்டில், ஐயா வெளியே போயிருக்கிறார் என்று கதவிடுக்கில் பதில் வந்தபோது, உள்ளே ஏழரை மணித் தொடரின் முகப்பிசையும், சத்தத்தைக் கூட்டச் சொல்லும் ஐயாவின் குரலும் கேட்டன. பெயர் சொல்ல நான் விரும்பவில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றன; கையிருப்பு சிறிதளவே. விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டத்துக்கு இடம் தந்த திருமண மண்டபத்தாருக்கும், நாற்காலி உதவியவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் நோட்டைத் தட்டச்சு செய்து, உறுப்பினர்களுக்கு ஒரு பிரதி வீதம் தர எண்ணியிருக்கிறேன். நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் அந்தச் செலவுக்குத் தனியாகக் கைநீட்ட வேண்டியிராது. நான்காண்டுகளாக இப்பொறுப்பைச் சுமக்கிறேன். இளையவர் ஒருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், வராவிட்டால் விட்டுவிடவும் மனம் வராது. நோட்டில் இன்னும் 40 பக்கங்கள் மீதமிருக்கின்றன. அதுவும் ரசீதுப் புத்தகமும் என் வீட்டில்தான் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குள் எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்