சிவப்பு மையில் ஒரு கேள்வி

அன்புள்ள பத்திரிகை ஆசிரியருக்கு,

போன வாரம் இயற்பியல் விடைத்தாளைத் திருப்பித் தந்தார்கள். முதல் பக்க மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தோம், பக்கத்தில் இருப்பவளின் எண்ணைப் பார்த்தோம், மடித்துப் பையில் திணித்தோம். மூன்றாம் பக்கத்தில், ‘சூத்திரம் சரி. அது இங்கே ஏன் பொருந்துகிறது என்று யோசித்தாயா?’ என ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். யோசிக்கவில்லை. மனப்பாடம் செய்திருந்தேன். அந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது.

இப்படி எழுதித் தரும் கருத்துரையும் மதிப்பெண்ணும் மாணவர்களை எப்படிப் பாதிக்கின்றன என்று 1988இல் ரூத் பட்லர் என்ற உளவியல் ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். கருத்துரை மட்டும் பெற்றவர்கள் ஆர்வம் குறையாமல் முன்னேறினார்கள். கருத்துரையோடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பலன் காணாமல் போனது.

‘இது தேர்வுக்கு வருமா?’ என்று கேட்டுக் கேட்டே எங்கள் பள்ளிப் பருவம் கழிகிறது. தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடைத்தாளைத் தரும்போது கருத்துரையை மட்டும் முதலில் தாருங்கள். நாங்கள் அதைப் படித்துத் திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். ஒரே ஒரு பருவத்துக்காவது இதைச் செய்து பார்க்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி மாணவி