இடம் மாறிய இரண்டு இலக்கம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறி, கம்பெனிப் பணம் வேறு யாருக்கோ போய்விட்டது. "பேரைச் சரியாத்தானேப்பா போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வங்கி வரவு வைக்கிறது, பேரைப் பார்த்து இல்லை. அது உனக்கும் தெரியும். நன்றாகத் தெரிந்த வேலையில்தான் இப்படி நடக்கும் அம்மா.

2006-ல் ஒரு கிரயப் பத்திரம் எழுதினேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, 62 சென்ட். அதற்குள் எத்தனையோ பத்திரம் எழுதியாகிவிட்டது. கை அதுபாட்டுக்கு ஓடியது. நான்கெல்லை சொல்லும் இடத்தில் வடக்கே இருந்த நிலத்தைத் தெற்கிலும், தெற்கே இருந்ததை வடக்கிலும் போட்டுவிட்டேன். திரும்பப் படிக்காமல் இல்லை. படித்தேன். ஆனால் எதை எழுதியதாக நினைத்திருந்தேனோ, கண் அதையே படித்தது. வாங்கியவர், விற்றவர், சாட்சிகள், யார் கண்ணிலும் படவில்லை.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்ததே, நீ அப்போது பத்தாவது. அந்தத் தோப்பில் ஒரு மரம் மிஞ்சவில்லை. மறுபடி கன்று வைக்கக் கடன் கேட்டுப் போனவரிடம், எல்லை பொருந்தவில்லை என்று வங்கி வக்கீல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிழைத்திருத்தல் பத்திரம் போட விற்றவர் கையெழுத்து வேண்டும். அவர் இறந்து போயிருந்தார். வாரிசுகள் மூன்று பேர், மூன்று ஊரில். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனாலும் மூவரையும் பதிவு அலுவலகத்துக்கு வரவழைக்க எட்டு மாதம் ஆனது. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரம் விழுந்து கிடந்த நிலத்துக்கு எட்டு மாதமும் வெறுங்கையோடு போய் வந்தார். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

எழுதிய விதத்திலேயே சரிபார்க்கக் கூடாது என்று அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அம்மா மூலப்பத்திரத்தைப் படிப்பாள், நான் புதியதில் விரல் வைத்துக்கொண்டே கேட்பேன். சர்வே எண்ணை "நூற்று நாற்பத்தேழு" என்று படிக்க விடமாட்டேன். "ஒன்று, நாலு, ஏழு" என்றுதான். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், பத்திரத்தில் சென்ட் வேண்டும். ஒரு ஏருக்கு 2.47 சென்ட். பெருக்கிப் போட்டதை வகுத்துத் திரும்பி வந்து பார்ப்பேன். நடுவில் யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டேன். அந்தப் பத்தியின் தலையிலிருந்து மறுபடி. ரயிலில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள், தினமும் போகிற பாதையானாலும்.

உன் வேலைக்கு இன்னொன்று. கணக்கில் இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் நேராகாமல், வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், முதலில் இடம் மாறிய இலக்கத்தைத் தேடு. 4,860-ஐ 4,680 என்று எழுதினால் வித்தியாசம் 180. ஆனால் பணம் அனுப்பும் எண்ணுக்கு இது உதவாது. அங்கே ஒப்பிட்டுக் கூட்ட எதிர்ப்பக்கம் கிடையாது. அதை வாய்விட்டு நாலு நாலு இலக்கமாகப் படி. பக்கத்து சீட்டில் இருப்பவரை ஒரு தடவை பார்க்கச் சொல், வெட்கப்படாதே. புதிய கணக்கு, பெரிய தொகை என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, சேர்ந்ததா என்று அவர்களையே கேட்டுவிடு.

மேனேஜரிடம் அன்றே சொன்னாய், வங்கிக்கும் அன்றே எழுதிக் கொடுத்தாய். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அம்மா எள்ளுருண்டையும் முந்திரியும் கட்டி வைத்திருக்கிறாள். என் டைரியில் இருப்பது உன் பழைய முகவரி. புது வீட்டு எண்ணும் பின்கோடும் அனுப்பு. நாளை கூரியரில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா