கரி, பேட்டரி கன்டெய்னர்களுக்கான புதிய விதிகள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கடல்வழி அபாயச் சரக்குகளுக்கான ஐ.எம்.டி.ஜி. விதித்தொகுப்பின் 42-24ஆம் திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டதால், தூத்துக்குடி வழியாகச் சிரட்டைக்கரி அனுப்புவோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

தானே சூடேறும் தன்மை இல்லை என்ற ஆய்வகச் சான்றைக் காட்டி, கரியைச் சாதாரணச் சரக்காக ஏற்றும் வழி இனி இல்லை. அது யு.என். 1361 (அபாயப் பொருளுக்கு ஐ.நா. தரும் அடையாள எண்), வகுப்பு 4.2 (தானே தீப்பற்றக்கூடிய பொருள்கள்) என்றே அறிவிக்கப்பட வேண்டும். உற்பத்திக்குப் பின் 14 நாள் காற்றாட வைத்து, 40 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெப்பநிலையில்தான் மூட்டை கட்ட வேண்டும். உற்பத்தித் தேதி, மூட்டை கட்டிய தேதி, அன்றைய வெப்பநிலை மூன்றும் ஆவணத்தில் இடம்பெற வேண்டும். கன்டெய்னரின் கூரைக்கும் சரக்குக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இடைவெளி அவசியம். மூட்டைகளை உச்சிவரை திணிக்கும் நம் பழக்கம் இங்கே செல்லாது.

மூட்டையில் ஒட்டும் 10 சென்டிமீட்டர் லேபிளையே கன்டெய்னரிலும் ஒட்டிச் சிலர் அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். கன்டெய்னருக்கு, மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி சிவப்புமான 25 சென்டிமீட்டர் பிளக்கார்ட் (பெரிய அபாய எச்சரிக்கை அட்டை) நான்கு புறமும் வேண்டும். முழுச் சரக்கும் கரியே என்பதால் 1361 என்ற எண்ணும் தெரிய வேண்டும்.

லித்தியம் அயன் பேட்டரியில் ஓடும் வாகனங்களுக்கு இப்போது யு.என். 3556 என்ற தனி எண் உண்டு. பேட்டரி படமுள்ள 9ஏ லேபிள் பெட்டிகளுக்கு மட்டுமே. கன்டெய்னருக்கு வழக்கமான வகுப்பு 9 (பலவகை அபாயப் பொருள்கள்) பிளக்கார்டுதான். சரக்கை இறக்கியதும் பழைய பிளக்கார்டுகளை அகற்றிவிடுங்கள்.