மேல்படியில் உட்கார்ந்த ஆச்சிக்கு

அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடித்தார். சிவனொளிபாதமலையில் ஏறும்போது அம்மா மூச்சு முட்டிச் சரிந்த அந்த இரவைப் பற்றிக் கேள்விப்பட்டு விசாரித்தபடியே இருந்த எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இருட்டில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி ஏறிவந்த பொலிஸ் தம்பிமார், வெந்நீரும் கம்பளியும் தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்த தேத்தண்ணிக் கடைக்காரர், மலையடிவாரத்து நல்லதண்ணி ஊரில் தயாராக நின்ற, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் பிள்ளைகள், மஸ்கெலியாவிலிருந்து ஓடிவந்த சொந்தக்காரர்கள், வார்டில் கண்விழித்த தாதிமார், உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஓர் ஆச்சிக்காக. வெள்ளை உடுப்பு, தலையில் கம்பளித் தொப்பி, சிங்களம் மட்டும் பேசினார். குருநாகல் பக்கமிருந்து வந்த கூட்டம் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

ஏறியவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் கடைசிப் பகுதி ஒரே செங்குத்து, கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சி 2,243 மீற்றர். கிட்டப் போகப் போகக் காற்று எலும்பு வரை இறங்கும். அம்மாவைப் படுக்க வைத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார வைத்தால் சரிந்துவிடுகிறார். அந்த ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படி மேலே போய் உட்கார்ந்து, தன் முழங்கால்களுக்கு நடுவே அம்மாவைச் சாய்த்துக்கொண்டார், தன் சால்வையால் இருவரையும் சேர்த்துப் போர்த்தினார். அவருடைய ஆட்கள் கூப்பிட்டபோது, நீங்கள் போங்கள் என்று கையசைத்தார். அம்மா சிவசிவா என்று முனக, அவர் தன் பௌத்த வழிபாட்டுக் காதாவைச் சொல்லிக்கொண்டே அம்மாவின் நெஞ்சைத் தடவினார். மேலே இருப்பது புத்தரின் பாதம் என்பது அவர் நம்பிக்கை, சிவனின் பாதம் என்பது அம்மாவின் நம்பிக்கை. அது அங்கே யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்துசேர விடிந்துவிட்டது. மேலே மணி அடிக்கும் சத்தம் கேட்டது. உதயத்தில் மலையின் முக்கோண நிழல் மேற்கே நீண்டு விழுவதைப் பார்க்கத்தானே அந்த வயதில், அந்த முழங்கால்களோடு இரவு முழுக்க ஏறியிருப்பார்! அதை எங்களுக்காக விட்டுக்கொடுத்தார். அந்தக் கலவரத்தில் நான் அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மார்கழிப் போயாவோடு, அந்தப் பௌர்ணமி நாளோடு, அடுத்த யாத்திரைப் பருவம் தொடங்கும். நான் ஏறுவேன். படியில் தளர்ந்து உட்கார்ந்திருக்கும் யாரையும் விசாரிக்காமல் கடந்து போகமாட்டேன், இது சத்தியம்.

அந்த ஆச்சியைத் தெரிந்தவர்கள் இதைச் சிங்களத்தில் சொல்லிக் கொடுங்கள்: அம்மா நலம். உங்கள் சால்வை எங்களிடம்தான் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறோம். எங்கே கொண்டுவந்து தர வேண்டும்?