எமது சனசமூக நிலையத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே,

நிர்வாகசபை இவ்வாண்டு எட்டுத் தடவை அழைக்கப்பட்டது. மூன்று தடவை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆகக்குறைந்த அங்கத்தவர் தொகை) இன்மையால் ஒத்திவைத்தோம். பொங்கல் விழா, சிரமதானம், வாணிவிழா வழமைபோல் நடந்தன. வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் ஒழுங்காக வந்தன.

சனிக்கிழமைச் செய்முறை வகுப்பைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். "பிள்ளைகள்தான் ரியூசனுக்குப் போகிறார்களே, இது எதற்கு?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். முதல் நாளே விடை கிடைத்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை ஒருத்தி மின்சுற்றைத் தாளில் பிழையின்றி வரைந்தாள். கம்பியைக் கையில் கொடுத்ததும், மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானியைச் சுற்றில் தொடராக இணைக்காமல் மின்கலத்தின் இரு முனைகளிலும் நேரே பொருத்திவிட்டாள். அதன் உருகி (பியூஸ்) எரிந்துபோனது. "சேர், இதை இன்றைக்குத்தான் கையால் தொடுகிறேன்" என்றாள். அவளை எப்படிக் குறை சொல்வது? ஆறாவது வாரம் பழுதான மின்விசிறி ஒன்றைத் தானே கழற்றி, பல்மானியால் (மல்ரிமீற்றர்) சோதித்து ஓட வைத்தாள்.

மாரிக்குப் பிறகு பிள்ளைகள் நான்கு கிணறுகளின் நீரைச் சோதித்தார்கள். தோட்டக் கிணற்று நீரில் நனைத்த நைத்திரேற்றுச் சோதனைத்தாள் கடும் சிவப்பாக மாறியது; நைத்திரேற்று அதிகம் என்பதற்கு அது அடையாளம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெங்காயத்துக்குப் போடும் உரம் எப்படிக் கிணற்றுக்கு இறங்குகிறது என்று அன்று அவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு வகுப்பில் முடிக்க முடியவில்லை.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. ஆனாலும் நம் வீடுகளில் வைத்தியர், பொறியியலாளர் தவிர வேறு பேச்சில்லை. தொழில் திறனுக்கு வழங்கப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் என்றால் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். 1847 இல் அமெரிக்க மிஷனரியாக இலங்கை வந்த வைத்தியர் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்த மானிப்பாய் இங்கிருந்து எவ்வளவு தூரம்?

கற்பிக்க வருவதாக ஐந்து அங்கத்தவர்கள் பெயர் கொடுத்தார்கள். தொடர்ந்து வந்தவர் ஒருவரே. மற்றச் சனிக்கிழமைகளில் நானே நின்றேன். சந்தாவையும் சொல்லத்தான் வேண்டும். 86 அங்கத்தவர்களில் 31 பேரே செலுத்தியுள்ளனர். மூன்று வருட நிலுவை வைத்திருப்போரின் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களை ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். கருவிகள் வாங்கியதில் சிறு பற்றாக்குறை உண்டு. பற்றுச்சீட்டுகளை எவரும் பார்வையிடலாம். மேசைகள் தந்த அயலவர்களுக்கும், தேநீர் ஊற்றித் தந்த மாதர் சங்கத்தினருக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இப்பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கில்லை. என் கண்பார்வையும் முன்போல் இல்லை; சின்ன உருகிகளைப் பொருத்தச் சிரமப்படுகிறேன். புதிதாக 14 பிள்ளைகள் பெயர் பதிந்திருக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கதவைத் திறக்க ஒருவர் முன்வந்தால் திறப்பை அன்றே ஒப்படைப்பேன். அதுவரை என்னிடமே இருக்கும்.

செயலாளர்